தெற்குத் தெரு ஏன் கருவாடு வாங்கவில்லை

ஒரு பொருளை மக்கள் வாங்க மறுத்தால் ‘கையில் காசில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்களே, அது உண்மைதானா என்று அவர்கள் வாசலில் உட்கார்ந்து ஒருமுறையாவது விசாரித்திருக்கிறீர்களா? பஞ்ச காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைவீதியில் புலம்புகிறவர்களையும் கேட்கிறேன். ஏழைக்குக் கஞ்சி போதும், அவனுக்கு வேறென்ன வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்களையும் கேட்கிறேன். பாம்பன் லீமாரோஸ் விசாரித்தாள். தாமதமாகத்தான் விசாரித்தாள். அந்தத் தாமதத்தின் விலை ஒரு குழந்தை.

லீமாரோஸ் பாம்பனில் பிறந்து பாம்பனிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வேதமுத்து சிறு வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். வலையில் விழுவதில் நல்ல மீனை ஏலக்காரன் கரையிலேயே எடுத்துக்கொள்வான். மிஞ்சுகிற சாளையும் காரலும் நெத்திலியும் லீமாரோஸின் பங்கு. அதை உப்பில் ஊறவைத்து, கடற்கரை மணலில் காயப்போட்டு, ஓலைக்கூடையில் அடுக்கிக்கொண்டு ரயிலேறுவாள். பாலம் தாண்டி இராமநாதபுரத்தில் இறங்கி, வடக்கே உள்ள கிராமங்களுக்கு நடப்பாள். காசுக்கு விற்பது அபூர்வம். கருவாட்டைக் கொடுத்து நெல்லோ குதிரைவாலியோ வாங்கிக்கொண்டு திரும்புவாள். கடற்கரை மணலில் தானியம் விளையாது. அவள் கூடை காலியாகி, அதில் தானியம் ஏறினால்தான் பாம்பனில் அவள் பிள்ளைகளுக்குச் சோறு.

அவள் வழக்கமாகப் போன ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கண்மாயை நம்பி வாழ்கிற எத்தனையோ மானாவாரி ஊர்களில் அது ஒன்று. வடக்குத் தெருவில் நிலம் வைத்திருப்பவர்கள். தெற்குத் தெருவில் அந்த நிலத்தில் உழைப்பவர்கள். வடக்குத் தெருவுக்குக் கருவாடு எப்போதாவது ஒரு நாள் ஆசைக்கு. தெற்குத் தெருவுக்கு அதுதான் அன்றாடக் கறி. ஆகவே லீமாரோஸின் பிழைப்பு தெற்குத் தெருவின் கையில் இருந்தது.

விற்கத் தெரிந்தவள் அவள். தெருவில் கூவிக்கொண்டு போகமாட்டாள். கூடையை இறக்கிவிட்டு முதலில் ஊர்க்கதை கேட்பாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் காரல் எடுத்து வைப்பாள், பால் சுரக்கும் என்று. பல் போன கிழவருக்கு நெத்திலி. களையெடுப்புக்குப் போகிற பெண்களிடம், ‘இப்ப எடுத்துக்கங்க, கூலி நெல்லு வந்ததும் குடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவாள். யாரும் ஏமாற்றியதில்லை.

அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டதாக எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தது. முந்தின வருஷமும் சரியில்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வயலில் வேலையில்லை, வேலையில்லாததால் கூலி நெல்லும் இல்லை. தெற்குத் தெருக்காரர்கள் பழைய குதிரைவாலியை அளந்து அளந்து கஞ்சி காய்ச்சினார்கள். லீமாரோஸின் கூடை பாதியோடு திரும்ப ஆரம்பித்தது.

அவள் யோசித்தாள். கஷ்ட காலத்தில் வாங்குகிறவளுக்கு என்ன கவலை? இருப்பது நாலு நாளைக்குக் காணவேண்டும் என்ற கவலை. அப்படியானால் கருவாட்டில் உப்பைக் கூட்டினால் என்ன? நல்ல உப்புக் கருவாடு ஒரு துண்டைத் தொட்டுக்கொண்டு ஒரு வீடே கஞ்சி குடித்துவிடலாம். வேதமுத்துவுக்கும் அது சரியென்று பட்டது. உப்புக்கு அந்தக் கரையில் பஞ்சமில்லை. இருவரும் சாளையை உப்பில் புதைத்து எடுத்தார்கள். மேலே உப்பு வெள்ளையாகப் பூத்த கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டு போய், ‘ஒரு துண்டு, ஒரு பானைக் கஞ்சி’ என்று தெற்குத் தெருவில் சொல்லி விற்றாள். பெண்கள் சிரித்தார்கள். அப்படியானால் இந்தத் துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டே குடித்துவிடுகிறோம் என்றாள் ஒருத்தி. ஆனாலும் வாங்கினார்கள். கூடை மறுபடி காலியானது. கடைசி வீட்டுச் செவ்வந்தி இரண்டு தடவை வாங்கினாள். அவள் மகள் பஞ்சம்மாளுக்கு அந்த உப்புச் சாளை என்றால் உயிர்.

உப்புக் கருவாட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும், தின்றவன் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பது லீமாரோஸுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் தீவில் வளர்ந்தவள். பாம்பன் மணலில் கையால் தோண்டினாலே நல்ல ஊற்று வரும். ஜனங்களுக்குச் சோறு இல்லாமல் போகலாம், துணி இல்லாமல் போகலாம், தண்ணீர் இல்லாமல் போகும் என்று அவள் புத்தியில் படவில்லை.

பெரிய வாரம் வந்தது. வேதக்காரர்களுக்கு இயேசு பாடுபட்ட வாரம். அந்த நாட்களில் அவள் கூடை தூக்குவதில்லை. கோயிலில் மழைக்காகவும் மன்றாட்டு நடந்தது; அவளும் முழங்காலில் நின்றாள். உயிர்த்த ஞாயிறான பாஸ்கு முடிந்து அவள் மறுபடி தெற்குத் தெருவில் நுழைந்தபோது யாரும் வெளியே வரவில்லை.

வீடு வீடாகப் போனாள். வேண்டாம் என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அடுத்த தடவையும் அப்படியே. வழக்கமாக வாங்குகிற தானியத்தில் பாதி போதும் என்று சொல்லிப் பார்த்தாள். அறுப்புக்குப் பிறகு தந்தால் போதும் என்றாள். வேறு கருவாட்டுக்காரி எவளாவது புகுந்துவிட்டாளோ என்று சந்தேகப்பட்டாள். அப்படி யாரும் வரவில்லை. இராமநாதபுரம் சந்தையில் மொத்தக் கருவாடு பிடிக்கிற சதக்கத்துல்லாவிடம் போய்ப் புலம்பினாள். அவர் நல்ல மனிதர். ஆனால் எல்லா வியாபாரியையும் போலத்தான் அவரும் நினைத்தார். சனங்களிடம் ஒன்றும் இல்லை, அல்லா மழையைக் கொடுத்தால் எல்லாம் சரியாகும், அதுவரை கொஞ்சம் சும்மா கொடுத்து வை, ருசி மறக்காமல் இருக்கும் என்றார்.

சும்மா கொடுக்கப் போனாள். அங்கேதான் விஷயம் உடைந்தது.

செவ்வந்தி வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். வெயில் உச்சியில் நின்றது. நல்ல துண்டாக நாலைந்து பொறுக்கி நீட்டினாள். செவ்வந்தி கையை நீட்டவில்லை.

“வேணாம் யக்கா.”

“சும்மாதான் தாரேன். வெள்ளாமை வெளஞ்சாக் குடு. வெளையலேன்னாப் போகுது.”

“சும்மாவும் வேணாம்.”

லீமாரோஸுக்கு ரோஷம் வந்தது. என் கருவாட்டில் என்ன குற்றம் கண்டீர்கள், புழு இருந்ததா, நாற்றமடித்ததா, எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள் என்றாள். பேசப் பேச அவளுக்கு நா வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அந்த வீட்டில் அவள் எத்தனையோ முறை செம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தவள். செவ்வந்தி உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். செம்பின் அடியில் ஒரு மடக்கு கலங்கலாகக் கிடந்தது. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் லீமாரோஸ் ஒன்றைக் கவனித்தாள். கூடையைச் சுற்றி ஓடிவருகிற பஞ்சம்மாளைக் காணோம்.

“புள்ள எங்கன?”

செவ்வந்தி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“ஒங் கருவாடு ருசிதான் யக்கா. ருசியா இருக்கவும்தானே புள்ள ரெண்டு துண்டு தின்னுச்சு.”

நடந்தது இது. தெற்குத் தெருவுக்கென்று இருந்த ஊருணி மாசியிலேயே வற்றிவிட்டது. கண்மாய்க்குள் தோண்டிய குழியில் உவர்தான் ஊறியது. ஊரில் நல்ல தண்ணீர் இருந்தது வடக்குத் தெருக் கிணற்றில் மட்டும். அதில் தெற்குத் தெருக்காரர்கள் கயிறு போடக்கூடாது. எட்டக் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். வடக்குத் தெருப் பெண்கள் தங்கள் குடம் நிறைந்த பிறகு, மனம் இருந்தால், ஒரு வாளி சாய்த்துவிட்டுப் போவார்கள்.

பங்குனியில் ஊர்ப் பெரியவர் பூமிநாதன் மழைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளையார் கோயில் கருவறை வாசலில் களிமண்ணால் அணை கட்டி, சிலை கழுத்தளவு முழுகும்வரை தண்ணீர் ஊற்றுவது. மூச்சுத் திணறினால் பிள்ளையார் மழையை வரவழைத்துவிடுவார் என்பது கணக்கு. காலையிலிருந்து வடக்குத் தெரு முழுவதும் கிணற்றைச் சுற்றி நின்று இறைத்து இறைத்துக் கல்லுக்கு ஊற்றியது. கிணற்றங்கரையில் தெற்குத் தெருக் குடங்கள் வரிசையாக வாயைப் பிளந்து நின்றன. ஒரு வாளியும் அந்தப் பக்கம் சாயவில்லை. அணையில் கசிவு, ஊற்றியது போதவில்லை. சாயங்காலம்வரை இறைத்தார்கள்.

அன்று பகலில் செவ்வந்தி குடத்தோடு கிணற்றங்கரையில் நின்றிருந்தாள். வீட்டில் பஞ்சம்மாள் பழங்கஞ்சியோடு உப்புச் சாளையைத் தின்றுவிட்டுத் தவித்துப்போனாள். பானையில் சொட்டு இல்லை. கண்மாயில் எருமைகள் புரளும் சேற்றுப் பள்ளத்துக்குப் போய், மிஞ்சியிருந்த கலங்கலை அள்ளிக் குடித்தாள். மறுநாள் வாந்தியும் பேதியும். அடுத்த நாள் புதைத்துவிட்டார்கள்.

பிள்ளையார் மூழ்கினார். மழை வரவில்லை.

செவ்வந்தி லீமாரோஸைத் திட்டவில்லை. காரணத்தை மட்டும் சொன்னாள்.

“அதைக் கழுவ ஒரு தண்ணி, தின்னாக் குடிக்க ஒரு தண்ணி. கஞ்சியத் தெருவுக்குள்ள கைமாத்தா வாங்கிக்கிறலாம் யக்கா. தண்ணிய யாருட்டப் போயிக் கேக்க? அதான் தெருவுல ஒருத்தரும் வாங்குறதில்ல. ஒங்கிட்டச் சொல்ல மனசு வரல.”

லீமாரோஸ் அந்த ஒரு மடக்குத் தண்ணீரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். வாங்குகிறவள் கவலை எனக்குத் தெரியும் என்று நினைத்து அவள் கூட்டிய உப்பு அந்தத் தெருவில் என்ன செய்தது என்று இப்போது தெரிந்தது. உப்பா கொன்றது? இல்லை. கல்லுக்குப் போன தண்ணீரில் ஒரு செம்பு அந்த வீட்டுக்குப் போயிருந்தால் உப்பு வெறும் உப்பாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கை நாம்தான் போடுகிறோம். லீமாரோஸ் போடவில்லை. அவள் ஊர்ப் பங்குச் சாமியார், ஆண்டவர் பிள்ளையைத் தம்மிடம் எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொன்னார். அதையும் அவளால் ஏற்க முடியவில்லை. எடுத்துக்கொண்டது தன் கை உப்பு என்றுதான் அவளுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து, மீன் ஊறப்போடும் உப்புச் சால்களைக் கவிழ்த்தாள். உப்பே இல்லாமல் கருவாடு போடவேண்டும் என்றாள். சாளைக்கு அது ஆகாது, நெத்திலியும் காரலும் வெறும் வெயிலில் காயும், ஆனாலும் பக்குவம் தவறினால் கூடை முழுக்க வீணாகும் என்று வேதமுத்து எடுத்துச் சொன்னான்.

“உப்பில்லாமப் போட்டாப் புழு வைக்கும், லீமா.”

“வச்சா நாம கொட்டுவோம். அவுக கொட்டுறதுக்கு வீட்டுல என்ன இருக்கு?”

வெயிலுக்கு அந்த வருஷம் குறைவில்லை. நெத்திலி ஒரே நாளில் சருகாகக் காய்ந்தது. கழுவ வேண்டாம், தூசியைத் தட்டிவிட்டுச் சட்டியில் வறுத்தால் போதும், தின்றால் தாகம் எடுக்காது. தெற்குத் தெருவுக்கு அதைக் கொண்டுபோய், வாயில் போட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தாள். பெண்கள் நக்கிப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். உப்பை எல்லாம் என்ன செய்தாய், புருஷனுக்கு ஊட்டிவிட்டாயா என்று பழையபடி கேலி பேசினார்கள். செவ்வந்தி மட்டும் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் வாங்கினாள். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் இது ஒரு கெட்டிக்கார வியாபாரியின் கதை. வாங்குகிறவர்கள் கவலையைப் புரிந்துகொண்டு சரக்கை மாற்றினாள், பிழைத்தாள் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். லீமாரோஸ் கவலையை அதற்கு மேலும் புரிந்துகொண்டதுதான் தவறாகிவிட்டது.

திரும்பும் வழியில் அவள் வடக்குத் தெருக் கிணற்றில் தண்ணீர் குடிப்பது வழக்கம். அவள் இறைத்துக் குடிப்பதை யாரும் தடுத்ததில்லை. கடற்கரைச் சாதி, அதிலும் வேதக்காரி. அவளை எந்தப் படியில் வைப்பது என்று ஊருக்கு முடிவாகத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் அவளுக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை வரும்போது வேதமுத்துவின் வள்ளத்துக் கயிற்றையும் ஒரு தகர வாளியையும் கூடைக்குள் வைத்து எடுத்துவந்தாள். தான் குடித்தாள். பிறகு ஒதுங்கி நின்ற குடங்களில் ஒவ்வொன்றாக இறைத்து ஊற்றினாள். செவ்வந்தி குடத்தை முதலில் நிரப்பினாள்.

ஒன்றிரண்டு முறை பார்த்தும் பாராததுபோல் இருந்தார்கள். பிறகு பூமிநாதன் வந்தார்.

“ஏத்தா, நீ கருவாடு விக்க வந்தியா, ஊருக்குத் தண்ணி எறைக்க வந்தியா?”

“விக்கத்தான் வந்தேன்யா. தண்ணி இல்லாத வீட்டுல என் சரக்குப் போகமாட்டேங்குது. அதான் ஊத்துறேன். ஒங்க வீட்டுக்கும் வேணும்னா ரெண்டு வாளி ஊத்துறேன்.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். பூமிநாதன் சிரிக்கவில்லை. அவளிடமிருந்து முகத்தைத் திருப்பினார். குடங்களுக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துத்தான் பேசினார்.

“இந்தக் கருவாட்டுக்காரி காலு ஊருக்குள்ள பட்டுச்சுன்னா, அதுக்கப்பறம் ஒங்க கொடத்துல ஒரு சொட்டு விழாது. நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

அடி உதை இல்லை. கயிற்றைக்கூட அறுக்கவில்லை. தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்தவளைத் தண்டிக்க, தவித்த வாயையே ஏவிவிட்டார்கள். ஆயிரம் வருஷமாகப் பழகிய கை அல்லவா, தவறாமல் சரியான இடத்தில் அடித்தது.

அடுத்த முறை அவள் வந்தபோது செவ்வந்தி கண்மாய்க் கரையிலேயே காத்து நின்றாள். ஊருக்குள் நுழையவிடவில்லை. உதடு வெடித்திருந்தது.

“திரும்பிப் போயிரு யக்கா. நீ ஊத்துறது வாற அன்னைக்கு மட்டும். மெரட்டிப் பாக்கவே அவுக ஊத்தாம ரெண்டு நாளாச்சு, நீ உள்ள வந்தா ஒரேயடியா நிறுத்திருவாக.”

லீமாரோஸ் பிடிவாதமாக நிற்கவில்லை. யாருக்காக நிற்பது? நின்றால் சாகப்போவது அவள் பிள்ளைகள் அல்ல. நெத்திலியையாவது வாங்கிக்கொள், தெருவில் பகிர்ந்து கொடு, தானியம் எதுவும் வேண்டாம் என்று கூடையை இறக்கப் போனாள். செவ்வந்தி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“அடுப்புல போட்டா வாசம் வடக்க போகும். நீ வந்துட்டுப் போனது தெரிஞ்சிரும்.”

நிறைந்த கூடையோடு அவள் திரும்பினாள். பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. தெற்குத் தெருவும் கூப்பிடவில்லை. அந்த வருஷம் பாம்பனில் அவள் வீட்டில் மீன் இருந்தது, தானியம் இல்லை. பிள்ளைகள் சோறில்லாமல் வெறும் மீனைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினான். பிற்பாடு திருப்புல்லாணிப் பக்கம் சில ஊர்களைப் பிடித்து மெல்லத் தலையெடுத்தாள்.

இன்றும் கூடை தூக்குகிறாள். புது ஊருக்குள் போனால் கருவாட்டை இறக்குமுன் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இங்கன தண்ணி எங்கன எடுக்குறீக?” பதிலைக் கேட்டுவிட்டு உப்புக் கருவாட்டை எடுப்பதா, வெறும் வெயிலில் காய்ந்ததை எடுப்பதா என்று தீர்மானிக்கிறாள். எத்தனை ஊரில் எந்தக் கருவாட்டை எடுக்கவேண்டியிருக்கிறது என்று அவளைக் கேட்டேன். கூடையில் உப்பில்லாததுதான் இன்னமும் கைக்கு எட்ட மேலே இருக்கிறது என்றாள்.

ஐம்பத்தைந்தில் தனிச்சட்டமே வந்துவிட்டது. பொதுக் கிணற்றில் எவரும் கயிறு போடலாம், தடுப்பவன் குற்றவாளி. அதற்குப் பிறகும் ஏழு வருஷம் போய்விட்டது. பூமிநாதன் இன்னும் ஊர்ப் பெரியவர். அவர்மேல் ஒரு புகாரும் இல்லை. புகார் கொடுக்கிறவன் வீட்டுக் குடம் மறுநாள் காலியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

லீமாரோஸ் ஒருத்தியாகப் போனாள். வெளியூர்க்காரியாகப் போனாள். தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். அதனால்தான் அவளை விரட்ட ஒரு வாய்ச்சொல் போதுமாக இருந்தது. உங்களை அப்படி விரட்ட முடியாது. நீங்கள் அந்த ஊர்க்காரர்கள். நாளைக் காலையில் உங்கள் ஊர்க் கிணற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். எட்ட நிற்கிற குடம் ஒன்று இருந்தாலும், அதில் தண்ணீர் ஊற்றி வள்ளல் பட்டம் வாங்காதீர்கள். அந்தக் குடத்துக்காரியின் கையில் கயிற்றைக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவில் நாணயமுள்ள நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அவள் இறைத்து முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். தடுப்பவன் பெயரைப் போலீஸில் எழுதிக் கொடுத்து, சாட்சியாக உங்கள் பெயரை முதலில் போடுங்கள். மறுநாளும் போங்கள்.